நிலநடுக்கம் வந்தால் ஆற்று மீனுக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலநடுக்கச் செய்தி வந்தாலே முதலில் மனிதர்கள், அப்புறம் கட்டிடங்கள், கடற்கரையாக இருந்தால் சுனாமி எச்சரிக்கை. அது சரிதான், அந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். ஆனால் ஆறு, குளம், ஊற்று, சதுப்பு இவற்றில் வாழும் மீன், தவளை, மட்டி, நீர்ப்பறவை எல்லாம் என்ன ஆயின என்று கடைசி வரைக்கும் யாரும் கேட்பதில்லை. நான் சில வருடங்களாக இதைத் தேடிப் படித்து வருகிறேன். என்னிடம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

நிலம் ஆடும்போதே மீன்கள் செத்துப்போகுமா?

பெரும்பாலும் இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனின் தலையில் இடிந்து விழ ஒன்றும் கிடையாது. ஆனால் ஆட்டம் அதற்கு நன்றாகவே தெரியும். உடம்பின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் சின்ன அசைவைக்கூட உணரும். கெண்டை, கெளுத்தி வகைகளுக்கு இன்னும் ஒரு வசதி, வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையையும் உட்காதையையும் இணைக்கும் குட்டி எலும்புகள் உண்டு. அதனால் மிரளும், துள்ளும், ஆழத்துக்கு ஓடும். சாவு வருவது பெரும்பாலும் ஆட்டம் நின்ற பிறகுதான், சில மணி நேரத்தில், சில நாளில், சில நேரம் பல வருடம் கழித்து.

அப்படியானால் எது கொல்கிறது?

சேறு. ஒரே சொல்லில் கேட்டால் அதுதான் என் பதில்.

மலைப்பகுதியில் பெரிய நடுக்கம் வந்தால் சரிவுகள் பிய்த்துக்கொண்டு ஆற்றில் விழுகின்றன. தெளிந்து ஓடிய தண்ணீர் கெட்டியான குழம்பாகிவிடுகிறது. மீனின் செவுளைத் திறந்து பார்த்திருப்பீர்கள், சிவப்பாக, சீப்புப் பல் போல வரிசை வரிசையாக இழைகள் இருக்கும். அந்த இழைகளுக்கு நடுவே நுண்ணிய வண்டல் போய் அடைத்தால் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும். பெரிய மீன் கிளை ஓடையைத் தேடி ஒதுங்கிவிடலாம். கூழாங்கல் இடுக்கில் இட்ட முட்டை எங்கே போகும்? மேலே ஒரு விரல் கனத்துக்கு வண்டல் படிந்தால் ஆக்சிஜன் கிடைக்காமல் உள்ளேயே செத்துவிடும். கல்லுக்கடியில் இருக்கும் பூச்சிப் புழுக்களும் அப்படியே, அவை போனால் தப்பிய மீனுக்கும் இரை இல்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. குளத்தின் அடியில் வருடக்கணக்காகப் படிந்து அழுகிக்கிடக்கும் கறுப்புச் சேறு ஆட்டத்தில் கலங்கி மேலே வரும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், கூடவே அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் வெளியேறும். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கும்.

நம் நாட்டிலேயே இதற்கு மாபெரும் சாட்சி உண்டு. 1950 ஆகஸ்ட் 15, சுதந்திர தினத்து மாலை, அஸ்ஸாம்–திபெத் எல்லையில் 8.6 அளவில் வந்த நடுக்கம். மலைகள் தோலுரிந்த மாதிரி நின்றன, சுபன்சிரி, திபாங், திஹாங் ஆறுகளில் மண்ணும் மரமும் நிரம்பின, தண்ணீரில் கந்தக வாடை அடித்தது, செத்த மீன்கள் மிதந்தன. அன்றைக்கு இறங்கிய மண் பிரம்மபுத்திராவின் படுகையையே உயர்த்தி, பல பத்தாண்டுகளாகக் கீழ்நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஆறு அகன்று ஆழம் குறைந்தது, கரைகளை அரித்தது, புதிய மணல்திட்டுகளைப் போட்டது. ஆற்று ஓங்கில் (டால்பின்) போன்ற உயிர்களுக்கு ஆழமான மடு வேண்டும். மடு தூர்ந்தால் அவை வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

மலை சரிந்து ஆற்றை அடைத்துவிட்டால்?

அடைப்புக்குக் கீழே ஆறு வற்றும், குட்டைகளில் மீன்கள் சிக்கும். மேலே புதிதாக ஏரி பெருகும், ஓடும் நீரில் பழகிய உயிர்கள் திடீரென்று தேங்கிய நீரில் இருக்கும். அதைவிடக் கொடுமை அந்த அடைப்பு உடைவது. 1950-இல் சுபன்சிரியில் அடைத்த மண் 8 நாள் கழித்து உடைந்தது, 7 மீட்டர் உயர அலை கிளம்பி 500 பேருக்கு மேல் இறந்தார்கள். மனிதர்களையே அப்படி வாரிச் சென்ற தண்ணீர் ஆற்றின் அடியை எப்படிச் சுரண்டியிருக்கும் என்று யோசியுங்கள்.

சீனாவின் சிச்சுவானில் 2008 மே 12 நடுக்கத்துக்குப் பிறகு பெய்ச்சுவானுக்கு மேலே தாங்ஜியாஷான் என்ற இடத்தில் இப்படி ஒரு ஏரி உண்டானது. ராணுவம் வாய்க்கால் வெட்டி ஜூன் 10 வாக்கில் வடித்தது. மனித உயிர்களைக் காக்க அதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் அங்கே ஆறுகளின் பாடு அதோடு தீரவில்லை. தளர்ந்துபோன மலைகளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் சேற்று வெள்ளம் இறங்கியது, 2010 ஆகஸ்டில் வந்தது மிகப் பெரியது. ஆறு ஒரு தடவை சேறானால் மீன்கள் சமாளிக்கும். வருடா வருடம் சேறானால் எந்தத் தலைமுறை முட்டை பொரிக்கும்?

சில அடைப்புகள் உடைவதே இல்லை. தஜிகிஸ்தானில் 1911 பிப்ரவரி 18 அன்று உசோய் கிராமத்தின் மேல் சரிந்த மலை ஏறத்தாழ 560 மீட்டர் உயர அணையாக நின்றுவிட்டது, அதன் பின்னால் சாரெஸ் ஏரி இன்றைக்கும் இருக்கிறது.

எங்கோ நடுங்கினால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மீனுக்கு என்ன வந்தது?

வருகிறது! இதுதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்த கதை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இடுப்பில் குடத்தோடு நடக்கும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் இல்லையா, அதேதான். தொலைதூர நடுக்கத்தின் நீண்ட அலைகள் தரையைக் கண்ணுக்குத் தெரியாமல் அசைக்கும், ஆனால் ஏரியோ குழியோ அதன் தாளத்துக்குப் பொருந்திவிட்டால் தண்ணீர் தளும்ப ஆரம்பிக்கும். 1950 அஸ்ஸாம் நடுக்கத்தில் நார்வே நாட்டு நீர்நிலைகள் தளும்பின.

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் டெவில்ஸ் ஹோல் என்று ஒரு பாறைக் குழி. நிலத்தடி நீரின் ஜன்னல் மாதிரி, முக்குளித்துப் போனவர்கள் 130 மீட்டர் தாண்டியும் அடியைக் காணவில்லை. தண்ணீர் எப்போதும் 33 டிகிரி செல்சியஸ் சுற்றி, வெதுவெதுப்பாக. அதற்குள் 2.5 சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு மீன் இனம், ஆண்கள் பளபளக்கும் நீலம், வயிற்றுத் துடுப்பே கிடையாது, ஆயுள் ஒரு வருடம் போல. டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ். இயற்கையில் இந்த இனத்துக்கு உலகத்திலேயே இந்த ஒரு முகவரிதான். குழி ஆழமென்றாலும் அவை உண்பதும் முட்டையிடுவதும் ஒரு ஓரத்தில் தண்ணீருக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் பாறைத் திட்டில், கிட்டத்தட்ட ஐந்துக்கு மூன்றரை மீட்டர், நம் வீட்டு வரவேற்பறை அளவு. அந்தத் திட்டில் படரும் பாசிதான் சோறு, தொட்டில் எல்லாம்.

2022 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவில் 7.6 அளவில் நடுக்கம். ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தக் குழியில் தண்ணீர் 1.2 மீட்டர் உயரத்துக்கு அலையடித்தது. திட்டின் மேல் இருந்த பாசி, மண், முட்டை எல்லாம் வழித்துக்கொண்டு ஆழத்தில் போய்விட்டன. வளர்ந்த மீன்கள் கீழே இறங்கித் தப்பின, முட்டைகளுக்கு அந்த வழி இல்லை.

அப்புறம் அந்த மீன்கள் என்ன ஆயின?

அந்தத் தடவை பிழைத்துக்கொண்டன, 2024 வசந்த காலக் கணக்கெடுப்பில் 191 மீன்கள் இருந்தன, 25 வருடங்களில் அந்தப் பருவத்துக்கு அதுவே அதிகம். நான் அந்த எண்ணைப் படித்துவிட்டு அன்று முழுக்க மகிழ்ச்சியாக இருந்தேன். அதே 2024 டிசம்பரில் வடக்குக் கலிபோர்னியாவில் 7.0 நடுக்கம், 2025 தொடக்கத்தில் இன்னொரு நடுக்கம், இரண்டும் திட்டை அடுத்தடுத்து வழித்தன. 2025 வசந்தத்தில் எண்ணியபோது 38. முப்பத்தெட்டே மீன்!

கவனித்தால் 2022 அலைதான் இவற்றில் பெரிதாகப் பேசப்பட்டது, அதை அவை தாங்கின. பாசி மறுபடி பிடிக்க அவகாசம் கிடைக்காமல் இரண்டு தடவை அடி விழுந்ததைத் தாங்க முடியவில்லை. அதுவும் பகல் வெளிச்சம் குறைந்த குளிர்காலத்தில்.

அந்த அலையால் நன்மையே இல்லையா?

உண்டு. திட்டில் சேரும் குப்பை கூளம், அழுகல் எல்லாவற்றையும் அலை கழுவிவிடுகிறது, புதுப் பாசி வர இடம் கிடைக்கிறது, கலக்கத்துக்குப் பிறகு மீன்கள் முட்டையிட முனைவதையும் பார்த்திருக்கிறார்கள். நூறு இருநூறு மீன் இருந்தால் இது பயன்தான். எண்ணிக்கை ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தால் அதே கழுவல் ஆபத்து. இதில் மனிதனின் பங்கையும் சொல்லியாக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் பண்ணைகளுக்கு நிலத்தடி நீரை உறிஞ்சியதில் நீர்மட்டம் இறங்கி அந்தத் திட்டே வெளியே தெரியத் தொடங்கியது, 1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டு நீர்மட்டத்துக்குப் பாதுகாப்பு கொடுத்தது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் எண்ணிப் பார்க்க இன்றைக்கு மீனே இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

நிலம் உயர்ந்தோ தாழ்ந்தோ போனால்?

தாழ்ந்தால் புது ஏரி பிறக்கும். அமெரிக்காவின் டென்னசியில் 1811–12 நியூ மாட்ரிட் நடுக்கங்களில் காடு அமிழ்ந்து ரீல்ஃபூட் ஏரி உண்டானது. பழைய சைப்ரஸ் மரங்களின் அடிக்கட்டைகள் தண்ணீருக்குள் இன்னும் நிற்கின்றன, அவற்றின் இடுக்கில் மீன்கள், மீனைத் தேடி குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகுகள். அஸ்ஸாமில் 1897 ஜூன் 12 நடுக்கத்தில் இதே மாதிரி காடு அமிழ்ந்து வந்ததுதான் சந்துபி ஏரி, இன்றைக்கு வலசைப் பறவைகள் இறங்கும் இடம்.

உயர்ந்தால் கதை வேறு. தைவானில் 1999 செப்டம்பர் 21 நடுக்கத்தில் தாஜியா ஆற்றின் குறுக்கே படுகையே 5 மீட்டருக்கு மேல் எழும்பி, முந்தின நாள் சமமாக ஓடிய இடத்தில் மறுநாள் அருவி. பார்க்க அழகு, ஆனால் எதிர்நீச்சல் போட்டு மேலே போகும் மீனுக்கு அது சுவர்.

மெதுவாகக் கொல்லும் உயர்வும் உண்டு. 1964 மார்ச் 27 அலாஸ்கா நடுக்கத்தில் காப்பர் ஆற்றின் கழிமுகம் 2 முதல் 3 மீட்டர் வரை மேலே வந்துவிட்டது. அங்கே கோரைப்புல் ஈரநிலத்தில் கூடு கட்டும் ஒரு கனடா வாத்து இனம் உண்டு, உடம்பு கருமை கலந்த பழுப்பு. கடலின் ஓதம் (அலையேற்றம்) ஏறுவது நின்றதால் முதலில் அவற்றுக்கு நல்ல காலம், எண்ணிக்கை கூடியது. அப்புறம் காய்ந்த நிலத்தில் புதரும் மரமும் வளர்ந்தன, புதருக்குப் பின்னால் கரடிகள் வந்தன, மரத்தில் கழுகுகள் உட்கார்ந்தன, கூடுகள் சூறையாடப்பட்டன. 1980-களிலிருந்து குளங்களுக்கு நடுவே செயற்கைத் திட்டுகளை மிதக்கவிட்டுக் கூடு கட்ட இடம் கொடுக்கிறார்கள். நிலம் எழும்பியது சில நிமிடத்தில், வாத்து அதன் விலையைக் கொடுத்தது இருபது வருடம் கழித்து.

நகரத்துக்கு நடுவே ஓடும் ஆறு?

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சைச் சொல்கிறேன். 2010 செப்டம்பர் 4, 2011 பிப்ரவரி 22 என்று இரண்டு பெரிய நடுக்கங்கள், இரண்டாவதில் 185 பேர் இறந்தார்கள். ஈர மணல் குலுங்கியதில் குழம்பாகி நிலத்தைப் பிளந்து மேலே கொப்பளித்தது, தெருக்களில் இருந்து மட்டும் 4 லட்சம் டன்னுக்கு மேல் வண்டல் அள்ளினார்கள். அதே வண்டல் ஏவன், ஹீத்கோட் ஆறுகளிலும் போய்ப் படிந்தது. சாக்கடைக் குழாய்கள் நொறுங்கியதால் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலேயே மாதக்கணக்கில் ஆற்றில் கலந்தது.

அங்கே இனாங்கா என்ற சின்ன மீன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் ஏறும்போது, உப்புநீர் ஆற்றுக்குள் வந்து முடிகிற எல்லையை ஒட்டி, கரைப் புல்லின் வேரடியில் முட்டையிடும். முட்டை ஒரு மில்லிமீட்டர்தான், புல் நிழலின் ஈரத்தில் காத்திருந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அடுத்த பெரிய ஓதம் வந்து நனைக்கும்போது பொரிக்கும். நடுக்கத்தில் கரையும் படுகையும் ஏறி இறங்கியதால் உப்புநீர் எல்லை நகர்ந்தது, மீனும் கூடவே நகர்ந்து புது இடங்களில் முட்டையிட்டது. மீன் தன்னை மாற்றிக்கொண்டது, ஆனால் பாதுகாப்பு எல்லைகள் பழைய இடத்திலேயே நின்றன, புது இடங்களில் பல புல்வெட்டும் இயந்திரம் ஓடும் கரைகள். புல்லை வெட்டினால் முட்டை வெயிலில் காய்ந்துபோகும். ஆய்வாளர்கள் வைக்கோல் கட்டுகளைக் கரையில் வைத்து மீன் எங்கே வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அந்த வைக்கோல் கட்டுதான்.

ஊற்றும் ஓடையும் வற்றுமா?

வற்றலாம், பெருகலாம். 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமாமோட்டோ நடுக்கத்தில் சுய்சென்ஜி பூங்காவின் ஊற்றுக் குளம் பெரும்பகுதி வற்றியது, பாறையில் விட்ட விரிசல் நிலத்தடி நீரைக் கீழே இழுத்துக்கொண்டது. பிறகு தண்ணீர் திரும்பி வந்தது. நேர்மாறாக, 2014 ஆகஸ்ட் 24 அன்று கலிபோர்னியாவின் நாபாவில் 6.0 நடுக்கம் வந்ததும், கடும் வறட்சியில் காய்ந்து கிடந்த ஓடைகளில் மழையே இல்லாமல் தண்ணீர் ஓடியது.

தவளையும் கெளுத்தியும் முன்கூட்டியே அறியும் என்கிறார்களே?

இத்தாலியின் லாகுயிலாவில் 2009 ஏப்ரல் 6 நடுக்கத்துக்கு 5 நாள் முன்பு, 74 கிலோமீட்டர் தள்ளி சான் ருஃபினோ ஏரியில் இனப்பெருக்கத்துக்குக் கூடியிருந்த ஆண் தேரைகளில் 96 சதவீதம் காணாமல் போயின. வேறு வேலையாக அங்கே தேரைகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பதிவு செய்ததால் இது மதிப்புள்ள தகவல். ஜப்பானில் பூமிக்கடியில் இருக்கும் ராட்சதக் கெளுத்திதான் நிலத்தை ஆட்டுகிறது என்று பழைய நம்பிக்கை, 1855 எடோ நடுக்கத்துக்குப் பிறகு அந்தக் கெளுத்தியை வரைந்த படங்கள் ஏராளமாக விற்றன. கெளுத்திக்கு மின்புல உணர்வு இருப்பது உண்மை. ஆனால் 2018-இல் வந்த ஒரு விரிவான ஆய்வு, விலங்குகள் முன்னறிந்ததாகச் சொல்லும் 700-க்கு மேற்பட்ட பதிவுகளைச் சலித்துப் பார்த்து, பெரும்பாலானவை பிறகு நினைவுபடுத்திச் சொன்ன கதைகள் என்று முடித்தது. நான் அந்தப் பக்கம்தான். தேரை ஓடினால் குறித்து வையுங்கள், ஊரைக் காலி செய்யாதீர்கள்.

அதிகம் அடிபடுவது யார்?

நகர முடியாதவர்கள். மட்டி, நத்தை, முட்டை, தலைப்பிரட்டை. அப்புறம், போக வேறு இடமே இல்லாதவர்கள். ஒரு பெரிய ஆற்றில் பத்துக் கிளையாறு இருந்தால் ஒன்று சேறானாலும் மற்றவற்றில் இருந்து மீன் வந்து நிரப்பும், சில வருடங்களில் தெரியாமலே போகும். அந்தக் கிளைகளுக்குக் குறுக்கே நாம் தடுப்பணை கட்டியிருந்தால் வந்து நிரப்ப வழி ஏது? நடுக்கத்தை நாம் நிறுத்த முடியாது, வழியை அடைக்காமல் இருக்க முடியும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஏதாவது உண்டா?

1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரில் 6.0 அளவில் ஒரு நடுக்கம் வந்தது, ஆனால் நம் நன்னீர் உயிர்களுக்கு உண்மையான அடி 2004 டிசம்பர் 26 சுமத்ரா நடுக்கம் அனுப்பிய சுனாமிதான். நாகப்பட்டினம் கரையோரத்தில் குளம், கிணறு, வயல் எல்லாம் உப்பாயின. திலேப்பியா கொஞ்சம் உப்பைத் தாங்கும், கெண்டைக்கு ஓரளவுக்கு மேல் முடியாது, ஈரத்தோல் வழியாகவே நீரை உறிஞ்சும் தவளைக்கோ உப்பு நேராக விஷம். மழை வந்து கழுவும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நடுக்கத்துக்குப் பிறகு மீனைப் பிடித்து வேறு குளத்தில் விடலாமா?

வற்றும் குட்டையில் துடிக்கும் மீனை அதே ஆற்றின் ஓடும் பகுதியில் விடுவது சரி. வேறு ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விட வேண்டாம், நோயும் கூடப் போகும், அங்கே இருக்கும் இனத்துக்கும் போட்டி. எங்கே எதை விடுவது என்பதை அந்த நீர்நிலையை அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும்.

பப்ஃபிஷ்ஷுக்கு அப்படித்தான் செய்தார்கள். குழிக்குப் பக்கத்தில் ஆஷ் மெடோஸில் ஏறத்தாழ 3.8 லட்சம் லிட்டர் தொட்டி ஒன்றைக் கட்டி, அதே வெதுவெதுப்பு, அதே பாறைத் திட்டு என்று நகலெடுத்து, பத்து வருடத்துக்கு மேலாக ஒரு மாற்றுக் கூட்டத்தை வளர்த்து வந்திருந்தார்கள். 2025-இல் எண்ணிக்கை சரிந்தபோது அதிலிருந்து சில மீன்களை எடுத்துப் பழைய குழியில் விட்டார்கள், திட்டில் பாசி திரும்பப் பிடிக்கும்வரை மேலிருந்து தீனியும் போட்டார்கள்.